பாதிக்குப் பாதி: அமானிக் காலத்துக் கணக்கு

(உழவர்களுக்கான வானொலிப் பேச்சு)



பொருளாதாரம் என்றால் டில்லியிலே பட்ஜெட் போடுகிறவர்கள் சமாச்சாரம், நமக்கும் அதுக்கும் என்ன என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். களத்துமேட்டில் நெல்லை அளந்து, உனக்கு இத்தனை மூட்டை, எனக்கு இத்தனை மூட்டை என்று பிரிக்கிறோம் பாருங்கள், பொருளாதாரம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் களத்துக்கு சர்க்காரும் ஒரு மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் அதற்குப் பேர் வரி. இந்த இரண்டையும் நம் புதுக்கோட்டைச் சீமையில் நடந்த ஒரு சங்கதியை வைத்தே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இன்றைக்கு நாம் புதுக்கோட்டை மாவட்டம் என்கிறோம். மாவட்டம் உண்டானது 1974 ஜனவரி 14-ஆம் தேதி. அதற்கு முந்தி திருச்சி மாவட்டத்தோடு இருந்தோம். அறந்தாங்கிப் பக்கத்து ஜனங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தார்கள். அதற்கும் முந்தி, 1948 மார்ச் 3 வரைக்கும், ஆலங்குடி, திருமயம், குளத்தூர் ஆகிய மூன்று தாலுகாக்களும் தொண்டைமான் சமஸ்தானம். தனி ராஜா, தனி நிர்வாகம், அம்மன் காசு என்று தனி நாணயம்கூட உண்டு. ஆக வரி போடுகிற விதத்தையும் சமஸ்தானமே தீர்மானித்தது.

அந்தச் சமஸ்தானத்தில் இனாம் நிலங்கள் உண்டு, ஜாகீர் நிலங்கள் உண்டு, ரொக்கமாகத் தீர்வை கட்டுகிற நிலங்களும் உண்டு. இவை போக, விளைச்சலிலேயே சர்க்கார் பங்கு வாங்கிய நிலங்கள் இருந்தன. அதற்கு அமானி என்று பேர். ஊர் வேலைக்காரர்களுக்குச் சேர வேண்டிய சுதந்திரத்தை முதலில் எடுத்துவிட்டு, மீதியைப் பாதிக்குப் பாதி. மேல்வாரம் சர்க்காருக்கு, குடிவாரம் உழுதவனுக்கு.

கேட்கிறதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நல்லா விளைஞ்சா ரெண்டு பேருக்கும் நிறைய. கண்மாய் நிறையாமல் போனால் ரெண்டு பேருக்கும் குறைச்சல். காசுக்கு அலைய வேண்டாம். விளைந்ததைக் கொடுத்தால் போதும். அப்படியிருக்க, அதை ஏன் எடுத்தார்கள்?

1878-ஆம் வருஷம் புதுக்கோட்டை நிர்வாகத்துக்கு சேஷய்ய சாஸ்திரி என்பவர் வந்தார். அதற்கு முன்னால் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். அப்போது ராஜா இராமச்சந்திர தொண்டைமான். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய பஞ்சம், அது ஓய்ந்தும் ஓயாத நேரம். சாஸ்திரி வந்து பார்க்கிறார், அமானி நிலத்தில் நடக்கிற வேடிக்கையை. அதை அவர் தம் நிர்வாக அறிக்கையில் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதிவைத்துவிட்டுப் போனார். அதிலே உள்ள சாரத்தை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

நெல் கதிர் வாங்க ஆரம்பித்ததும், வயலைப் பார்த்துக்கொள்ள கங்காணிகள் வந்து இறங்குவார்கள். கண்ணால் காண்பவன் கங்காணி. எதற்குக் காவல்? ஆடு மாடு மேயாமல் இருக்கவா? இல்லை. உழுதவனே கதிரைக் கசக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்க! அவன் நட்டது, அவன் களை எடுத்தது, அதிலே பாதி அவனுடையது. ஆனாலும் அவனுக்கே அது திருட்டு. இந்தக் கங்காணிக்குச் சம்பளம் கிடையாது. காவல் காக்கிற பயிரிலிருந்தே கொஞ்சம் தானியம் கொடுப்பார்கள். சம்பளம் இல்லாத காவல்காரன் எப்படிக் காவல் காப்பான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடியானவன் கையில் ஏதாவது திணித்தால் கண்ணை மூடிக்கொள்வான். திணிக்காவிட்டால், இல்லாத திருட்டை இருக்கிறது என்று எழுதி அனுப்புவான்.

கதிர் முற்றினால் அடுத்து மதிப்பீடு செய்கிறவர்கள் வருவார்கள். இந்த வயலில் இத்தனை கலம் காணும் என்று கணக்கு எழுதுவார்கள். அந்தக் கணக்கிலும் ஏற்ற இறக்கம், யார் எப்படிக் கவனித்தார்கள் என்பதைப் பொறுத்து. அப்புறம் அறுக்க உத்தரவு வர வேண்டும். உத்தரவு வருகிறதற்குள் நெல் கொட்டினாலும் சரி, மழை வந்து சாய்த்தாலும் சரி, அரிவாளை வைக்கக் கூடாது. அறுத்த பிறகு களத்தில் இன்னொரு காவல். தாளை அரைகுறையாக அடித்து, நெல்லைத் தாளோடே விட்டுவைக்கிற வித்தை ஊருக்கு ஊர் தெரியும். கடைசியில் சர்க்கார் பங்கு களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும். அங்கே அளவில் ஒரு கை, எலி தின்றது என்று ஒரு கை, மக்கிப்போனது என்று ஒரு கை. விற்கிற நாளைக்குப் பழைய நெல்லுக்குக் கிராக்கியும் குறைவு.

இதில் யார் பணக்காரன் ஆனான்? சர்க்காரும் இல்லை, சம்சாரியும் இல்லை. நடுவிலே நின்றவர்கள் ஆனார்கள். இதைத்தான் படித்தவர்கள் கண்காணிப்புச் செலவு என்று சொல்கிறார்கள். ஒருத்தர் உழைப்பில் இன்னொருத்தருக்குப் பங்கு என்றால், பங்குக்காரர் காவல் போட்டே தீர வேண்டும். அந்தக் காவலுக்கு ஆகும் செலவும் அந்த வயலில் இருந்துதானே வந்தாக வேண்டும்.

காவலைக்கூட விடுங்கள், அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். கணக்கு லேசாக இருப்பதற்காக மூட்டை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை கூடக்குறைய இருக்கும், அதைப் பிறகு நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கரில் சாதாரணமாக 20 மூட்டை காணும். கூடுதலாக எரு அடித்து, இன்னொரு களை எடுத்தால் 3 மூட்டை கூட வரும். அதற்குச் செலவு 2,000 ரூபாய். சொந்த நிலம் என்றால் 3,000 வருகிறது, 2,000 போகிறது, 1,000 மிச்சம். யோசிக்காமல் செய்வோம். இப்போது அதே நிலம் பாதி வாரத்தில் இருக்கிறது. செலவு முழுவதும் உழுகிறவனுடையது. 3 மூட்டையில் அவன் பங்கு ஒன்றரை. 1,500 வருகிறது, 2,000 போகிறது. 500 ரூபாய் கைநஷ்டம்! செய்வானா? செய்ய மாட்டான். செய்யாமல் விட்டதை எந்தக் கங்காணி எழுதி அனுப்ப முடியும்? விளையாமல் போன 3 மூட்டை எந்தக் கணக்கிலும் வராது. சர்க்காருக்கும் அது நஷ்டம். ஊருக்கு, அந்த நெல்லைத் தின்றிருக்க வேண்டிய வாய்களுக்கு, அது நஷ்டம்.

வெளியே இருந்து பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "இந்தச் சனங்களுக்குச் சோம்பல், எரு கூட அடிக்க மாட்டான்" என்பார்கள். சோம்பல் கிடையாது, அய்யா. அவன் கணக்குத் தெரிந்தவன். ஆல்பிரட் மார்ஷல் என்கிற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1890-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதி, அதில் வாரச் சாகுபடியின் இந்தக் குறையை எடுத்துச் சொன்னார். இன்றைக்கும் கல்லூரிகளில் அது பாடம். நம்ம ஊர் கங்காணிக் கதை அதற்குப் பத்து வருஷம் முந்தியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

சாஸ்திரி என்ன செய்தார்? 1894 வரை அவர் நிர்வாகம் பார்த்த காலத்தில் அமானியை எடுத்துவிட்டு, முந்தைய விளைச்சலையும் விலையையும் பார்த்து, இந்த நிலத்துக்கு இத்தனை ரூபாய் என்று ரொக்கத் தீர்வையாக மாற்றினார்கள். தீர்வையைக் கட்டிவிட்டால் மிச்சம் எல்லாம் உனக்கு. கங்காணி வேண்டாம், மதிப்பீடு வேண்டாம், அறுக்க உத்தரவு வேண்டாம். கூட விளைகிற மூணு மூட்டையும் உழுதவன் வீட்டுக்கே போகும்.

இதே சங்கதி நூறு வருஷம் கழித்துச் சீனாவில் நடந்தது. அன்ஹூய் மாகாணத்தில் சியாவ்காங் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே நிலம் எல்லாம் கூட்டுப் பண்ணை. உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான். 1978-இல் அந்த ஊரில் 18 விவசாயிகள் ராத்திரி ரகசியமாகக் கூடி ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். நிலத்தைக் குடும்ப வாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசாங்கத்துக்கும் கூட்டுக்கும் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவது, மிச்சம் அவரவருக்கு. யாராவது ஜெயிலுக்குப் போனால் அவன் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள். மறு வருஷம் மகசூல் பலமடங்கு ஏறியது. பிற்பாடு அரசாங்கமே அந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. மண்ணும் அதே மண், ஆளும் அதே ஆள். மிச்சம் யாருக்கு என்கிற கணக்கு ஒன்றுதான் மாறியது.

இவ்வளவு சொன்ன பிறகு, ரொக்கத் தீர்வை ஒரே நல்லது, அமானி ஒரே கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம்ம மாவட்டத்தில் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், எட்டுகிற அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கத்தைத் தள்ளிவிட்டால், மற்றது பெரும்பாலும் வானம் பார்த்த கண்மாய்ப் பாசனம். வெள்ளாற்றில் தண்ணீர் ஓடுகிற நாளை விரல்விட்டு எண்ணலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்தால் சம்பா. இல்லாவிட்டால் இல்லை. இப்போது போர் போட்டவர்கள் தப்பிக்கிறார்கள். அந்தக் காலத்தில் போர் ஏது?

அப்படி ஒரு வருஷம் ஏக்கருக்கு 4 மூட்டைதான் கண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வாரம் என்றால் 2 மூட்டை கொடுத்துவிட்டு 2 மூட்டையோடு வீட்டுக்குப் போகலாம். அதே நிலத்துக்கு 8 மூட்டை பெறுமான ரொக்கத் தீர்வை என்றால்? 20 மூட்டை விளைந்த வருஷத்தில் 12 மிச்சம், வாரத்தைவிட 2 மூட்டை லாபம், சந்தோஷம். 4 மூட்டை விளைந்த வருஷத்தில், விளைந்ததை எல்லாம் கொடுத்தும் 4 மூட்டை பாக்கி. கடன்தான். அண்டாவும் குண்டாவும் அடகுக் கடைக்குப் போகும். அமானியில் மழை பொய்த்த நஷ்டத்தில் பாதியை சர்க்கார் சுமந்தது. ரொக்கத்தில் முழு நஷ்டமும் குடியானவன் தலையில்.

இன்னொன்றும் உண்டு. ரொக்கம் வேண்டும் என்றால் நெல்லை விற்றாக வேண்டும். எல்லாரும் தை, மாசியில் ஒரே சமயத்தில் விற்கப் போனால் விலை படுக்கும். அமானியில் விலைக் கவலை சர்க்காருக்கு. ரொக்கத்தில் அதுவும் நமக்கு. அறுவடை முடிந்ததும் கூட்டுறவுக் கடனுக்குத் தவணை வந்து நிற்கிறபோது, கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறோமே, அதே கதை.

ஆக, பங்கு என்றால் ஆபத்து பிரிகிறது, முயற்சி குறைகிறது. கட்டு என்றால் முயற்சி கூடுகிறது, ஆபத்து முழுவதும் ஒரு தலையில் விழுகிறது. ஒரே கயிற்றில் இரண்டு மாட்டையும் கட்ட முடியாத கதை. கண்மாய் வறண்ட வருஷங்களில் சர்க்கார் வஜா கொடுப்பது இதற்காகத்தான். ஒரு சம்சாரிக்கு ஒரு வயல்தான். அது பொய்த்தால் எல்லாம் பொய்த்தது. சர்க்காருக்கு ஆயிரம் ஊர். ஓர் ஊர் காய்ந்தால் இன்னோர் ஊர் விளையும். அதனாலேயே ஆபத்தைச் சுமக்கிற தோள் சர்க்காருக்கு இருக்கிறது. நாம் வரி கட்டுவதில் இந்தத் தோளுக்கும் ஒரு கூலி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சரி, சாமி, இதெல்லாம் ராஜா காலத்துக் கதை, இப்போது நிலத்தீர்வை ரொம்பச் சொற்பம்தானே என்று கேட்பீர்கள். நிலத்தீர்வை சொற்பம்தான். ஆனால் வாரமும் குத்தகையும் ஊரில் ஒழிந்துவிட்டதா? பட்டா வைத்திருக்கிறவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். நிலத்தை உழுகிறவர் வேறு ஆள். அவர்களுக்குள்ளே நடக்கிற பேச்சைக் கேட்டுப் பாருங்கள்.

"ஏன் தம்பி, இந்த வருஷமும் எருவே அடிக்கலையாமே?"

"அண்ணே, எருவுக்குக் காசு நான் போடணும், வெள்ளாமையில பாதி நீங்க எடுத்துக்கிருவீங்க. அதுவும் போக, அடிச்ச எரு மூணு வருஷம் பேசும். அடுத்த வருஷம் நெலம் எங்கிட்ட இருக்குமான்னு நீங்க சொல்லுங்க, இன்னைக்கே ரெண்டு டிப்பர் எறக்குறேன்."

தம்பி சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவதுக்குத் தீர்வு சுலபம். விளைச்சல் எந்த விகிதமோ செலவும் அதே விகிதம் என்று பேசிக்கொள்ளுங்கள். நம்ம கணக்கில் 2,000 ரூபாயை ஆளுக்கு ஆயிரமாகப் போட்டால், 3 மூட்டையில் ஆளுக்கு 1,500. இரண்டு பேருக்கும் 500 லாபம். காவல் போடாமலே எரு வயலுக்கு வந்து சேரும்.

சட்டமும் ஒரு வழி சொல்கிறது. 1956-இல் தமிழ்நாட்டில் வந்த நியாய வாரச் சட்டம், நன்செய் நிலத்துக்கு நில உடைமையாளர் பங்கு சாதாரண விளைச்சலில் நூற்றுக்கு 40 என்று வைத்தது. பின்னால் அது 25 ஆகக் குறைந்தது. உடைமையாளர் உண்மை விளைச்சலில் அந்த விகிதத்தில் பங்கு எடுப்பதாகவே வைத்து, நம்ம 3 மூட்டைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அவருக்கு 40 என்றால் உழுகிறவனுக்கு 1,800 வருகிறது. 2,000 செலவு செய்ய மாட்டான். அவருக்கு 25 என்றால் 2,250 வருகிறது, செய்வான். பங்கு யாருக்கு எத்தனை என்பது தர்ம நியாயம் மட்டும் இல்லை, எத்தனை மூட்டை விளையும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இரண்டாவது விஷயம்தான் கடினம். நிலம் அடுத்த வருஷம் இருக்குமா? குத்தகைதாரருக்கு 1955-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்கிற சட்டமும் வந்தது. ஆனால் நடப்பில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். எழுதிக்கொடுத்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று உடைமையாளர் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. அப்படி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் பயந்து வருஷத்துக்கு ஓர் ஆளை மாற்றினால், நிலம்தான் கெடும். எரு விழாது, வரப்பு நிற்காது. அமானி நிலம் கெட்டதும் இதே காரணத்தால்தான். தன்னுடையது என்று சொல்ல முடியாத நிலத்தில் எவன் கிணறு வெட்டுவான்?

ஆபத்தைச் சுமக்கிற தோளுக்கு வருவோம். 2016-இலிருந்து பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை. மிச்சப் பிரீமியத்தை மாநில அரசும் மத்திய அரசும் போடுகின்றன. இதில் நான் மெச்சுகிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வயலில் எத்தனை கண்டது என்று பார்த்து இழப்பீடு கொடுப்பதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்க்காவிலோ சில வயல்களைப் பொறுக்கி, பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, அந்தப் பகுதிச் சராசரி விழுந்திருந்தால் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். ஏன் இப்படி? அவரவர் வயலைப் பார்த்துக் கொடுத்தால் வயலுக்கு ஒரு கங்காணி வேண்டும். களை எடுக்காமல் விட்டுவிட்டு நஷ்டம் என்று வருகிறவனும் இருப்பான். பகுதிச் சராசரி என்றால் அந்த வம்பு இல்லை. நீங்கள் பாடுபட்டு ஊரைவிட 5 மூட்டை கூட எடுத்தாலும் அது உங்களுக்கே. மழை பொய்த்து ஊரே விழுந்தால் இழப்பீடும் உண்டு. முயற்சிக்கும் கூலி, ஆபத்துக்கும் தோள். சாஸ்திரிக்குக் கிடைக்காத கயிறு இது.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. ஊர் விளைந்து, கடைமடையில் உங்கள் வயல் மட்டும் காய்ந்தால், சராசரி உங்களுக்குக் கை கொடுக்காது. பரிசோதனைக்கு எந்த வயலைப் பொறுக்கினார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகையால் பரிசோதனை நடக்கிற அன்றைக்கு ஊர்க்காரர்கள் நாலு பேர் போய் நின்று பாருங்கள், எடை போடுவதைக் கவனியுங்கள். இங்கே கங்காணி வேலை நம்முடையது!

காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம் வேண்டும். சம்பாவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். ஒவ்வொரு வருஷமும் தேதியைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். குத்தகைக்கு உழுகிறவர்கள் அடங்கலில் யார் பேர் ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பயிர் வைத்தவர் நீங்கள், அடங்கலில் பேர் உடைமையாளருடையது என்றால், பிரீமியம் நீங்கள் கட்டியிருந்தாலும் இழப்பீடு அவர் கணக்கில் போய் விழக்கூடும். ஆகையால் இந்த ஆடியில் குத்தகை பேசும்போது நாலு சங்கதியையும் சேர்த்துப் பேசி, ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: செலவில் யாருக்கு எத்தனை, கண்மாய் நிறையாவிட்டால் குத்தகையில் எத்தனை கழிவு, எத்தனை வருஷத்துக்கு நிலம், காப்பீட்டுப் பணம் வந்தால் யாருக்கு. பேச்சு முடிந்ததும் அடங்கலையும் பார்த்துவிடுங்கள்.